டிஸ்கில இடம் கிடக்கு, ஆனா எழுத ஏலாது

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திப் பக்கம் போட்டோக்கொப்பி, ஸ்கான், கலியாண வீடியோ எல்லாம் செய்யிற சின்னக் கடை ஒண்டு வைச்சிருக்கிறன். 2009 இல பத்திரங்களைத் துலைச்ச சனம், பிறகு அலைஞ்சு எடுத்த பிறப்புப் பத்திரம், காணிப் பெர்மிற் எதைக் கொப்பி அடிச்சாலும் "அக்கா, ஒண்டு உங்கட கொம்பியூட்டரிலயும் கிடக்கட்டும்" எண்டு சொல்லிப்போட்டுத்தான் போகும். அப்பிடிச் சேர்ந்த ஸ்கான் எல்லாம் லினக்ஸ் போட்ட பழைய கொம்பியூட்டரில, 500 ஜிபி டிஸ்க் ஒண்டில கிடந்தது.

போன மாரியில ஒரு ஐயான்ர பெர்மிற்றை ஸ்கான் பண்ணிச் சேமிக்கப் போனால் "இடம் இல்லை" எண்டுது. டிஸ்கில பாதிக்கு மேல வெறுமை. மூண்டு தரம் அழுத்திப் பாத்தன், கொம்பியூட்டரை நிப்பாட்டிப் போட்டன். அதே பதில்தான். ஐயா கதிரையில இருந்து என்ர முகத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறார்.

உங்களுக்கும் உப்பிடி வந்தால், இடத்தை மட்டும் பாக்காமல் எண்ணிக்கையையும் பாருங்கோ. கட்டளை தட்டுற ஜன்னலை, டெர்மினல் எண்டு சொல்லுறதைத் திறந்து டி, எஃப் எண்ட ரெண்டு எழுத்தைத் தட்டி, இடைவெளி விட்டு, ஒரு கோடும் எச்சும் போட்டால் எவ்வளவு இடம் மிச்சம் எண்டு வரும். அதையே எச்சுக்குப் பதிலா ஐ போட்டுத் தட்டுங்கோ. இப்ப வாறது ஐநோட் கணக்கு. எனக்கு அதில 100 வீதமும் முடிஞ்சுது எண்டு நிண்டது.

ஐநோட் எண்டது எங்கட காணிப் பெர்மிற் மாதிரி. குடியேற்றத் திட்டத்தில காணி எவ்வளவு பத்தையாக் கிடந்தாலும் பெர்மிற் எழுதாமல் அதை ஒருத்தருக்குக் குடுக்க ஏலாது. அதுமாதிரி ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஐநோட் வேணும். கோப்பு ஆருக்குச் சொந்தம், எவ்வளவு பெரிசு, கடைசியா எப்ப மாத்தினது, அதின்ர தரவு டிஸ்கில எந்தெந்தக் கட்டத்தில கிடக்கு, எல்லாம் ஐநோட்டில இருக்கும். கோப்பின்ர பேர் மட்டும் இராது. பேர் கிடக்கிறது ஃபோல்டருக்குள்ள. ஃபோல்டர் எண்டதே "இந்தப் பேருக்கு இந்த ஐநோட் இலக்கம்" எண்டு எழுதின பதிவுக் கொப்பிதான். அதாலதான் 20 ஜிபி கலியாண வீடியோவை ஒரே டிஸ்குக்குள்ள வேற ஃபோல்டருக்கு மாத்தேக்க கண் மூடித் திறக்க முடியுது. கொப்பியில ஒரு வரி மாறுது, அவ்வளவுதான். பென் டிரைவுக்கு எண்டால் ஒரு பிளேன்ரீ குடிச்சு முடிச்சாலும் ஓடிக்கொண்டிருக்கும்.

லினக்ஸ் டிஸ்கில கோப்புகளை அடுக்கி வைக்கிற வழமையான முறை எக்ஸ்ட்4. அதில ஐநோட் எத்தினை எண்டது போர்மற் அடிக்கேக்கையே முடிவாகிடும். வழமையா 16 கேபிக்கு ஒண்டு, ஒவ்வொண்டும் 256 பைட். 500 ஜிபிக்கு மூண்டு கோடிச் சொச்சம் வரும். அந்தப் பதிவேட்டுக்கே ஏழரை ஜிபிக்கு மேல போயிடும். டிஸ்க் வாங்கின நேரம் எனக்கு அது வீணாத் தெரிஞ்சது. வீடியோ மட்டும்தானே போடப்போறன் எண்டு "லார்ஜ்ஃபைல்4" எண்ட வகையைக் குடுத்துப் போர்மற் அடிச்சன். அதில 4 எம்பிக்கு ஒரு ஐநோட். கிடைச்சது கிட்டத்தட்ட 1 லட்சத்து 19 ஆயிரம். வீடியோவுக்கு அது தாராளம். பிறகு அதே டிஸ்கில ஸ்கானைப் போடத் தொடங்கினன்: பக்கம் ஒண்டுக்குப் படம் ஒண்டு, அதுக்கொரு சின்ன முன்பார்வைப் படம். அறுபதாயிரம் பக்கம் வர முதலே பெர்மிற் புத்தகம் முடிஞ்சுது. பிழை முழுக்க என்ரதான்.

அவசரத்துக்குச் செய்யக்கூடியது இது. டி, யூ எண்ட கட்டளையோட ரெண்டு கோடும் ஐநோட்ஸ் எண்ட சொல்லும் சேர்த்துக் குடுத்தால் எந்த ஃபோல்டரில எத்தினை எண்டு காட்டும். முன்பார்வைப் படங்களை அழியுங்கோ. தேவைப்பட்டால் திரும்பச் செய்யலாம். பழைய மாதங்களின்ர ஸ்கானை மாதத்துக்கு ஒரு ஸிப்பாக் கட்டினால் ஆயிரம் கோப்புக்கு ஒரு ஐநோட் போதும். ஆனால் அந்த ஸிப்புக்கும் ஒரு ஐநோட் வேணும். நான் முதல் ஸிப் கட்டத்தான் வெளிக்கிட்டன், அதுக்கும் "இடம் இல்லை" எண்டு சொல்லிச்சுது. எதையாவது அழிச்சுப்போட்டுக் கட்டுங்கோ, இல்லாட்டி வேற டிஸ்கில கட்டுங்கோ. ஸிப்பைத் திறந்து பாக்காமல் மூலக் கோப்பை மட்டும் அழிச்சுப்போடாதையுங்கோ.

நிரந்தரமாத் திருத்த எண்டால் எல்லாத்தையும் வேற டிஸ்குக்கு எடுத்து, வழமையான அளவில திரும்பப் போர்மற் அடிக்கிறதுதான் வழி. அதே அளவுப் பகுதிக்கு ஐநோட்டை மட்டும் கூட்ட எக்ஸ்ட்4 விடாது. எக்ஸ்எஃப்எஸ் எண்ட இன்னொரு முறை தேவைப்படத் தேவைப்பட ஐநோட்டை உண்டாக்கும், அதில இந்தத் தலையிடி குறைவு.

போர்மற் அடிச்ச பிறகு இன்னொண்டு கண்ணில படும். மொத்தத்தில இருந்து பாவிச்சதைக் கழிச்சால் வாற கணக்கும், மிச்சம் எண்டு காட்டுறதும் ஒத்து வராது. 5 வீதத்தை, 500 ஜிபி எண்டால் 25 ஜிபியை, ரூட்டுக்கு, அதாவது கொம்பியூட்டரின்ர முழு அதிகாரம் உள்ள கணக்குக்கு எண்டு ஒதுக்கி வைச்சிருக்கும். அது விதைநெல். வீட்டில அரிசி முடிஞ்சாலும் அந்த மூட்டையில கை வைக்க மாட்டம். லினக்ஸ் இருக்கிற டிஸ்க் நிரம்பினாலும், அந்த ஒதுக்கு இருக்கிறதால ரூட்டா உள்ள போய்த் துப்பரவு பண்ணலாம். அதில கை வையாதையுங்கோ. ஆனால் வெறும் ஸ்கானும் வீடியோவும் கிடக்கிற டிஸ்குக்கு 5 வீதம் அதிகம். அதை 1 வீதமாக் குறைக்கலாம்: ரூட் அனுமதியோட "டியூன்2எஃப்எஸ்" கட்டளை, கோடு எம், 1, பிறகு டிஸ்க் பகுதியின்ர பேர். எனக்கு 20 ஜிபி திரும்பி வந்தது.

வீடியோவை அழிச்சும் இடம் கூடேல்லையோ? முதல் குப்பைத் தொட்டியைப் பாருங்கோ. அங்கயும் இல்லையெண்டால் அதை ஏதோ ஒரு மென்பொருள் திறந்து வைச்சிருக்கு. பேர் போனாலும், திறந்தவர் மூடும் வரைக்கும் ஐநோட்டும் கட்டங்களும் விடுபடாது.

இப்ப ஒவ்வொரு டிஸ்கிலயும் லேபல் ஒட்டி, போர்மற் அடிச்ச திகதி, ஐநோட் எத்தினை, ஒதுக்கு எத்தினை வீதம் எண்டு எழுதி வைச்சிருக்கிறன். ஐயான்ர பெர்மிற்றை அண்டைக்கு என்ர போனில படம் பிடிச்சு வைச்சன். திரும்பப் போர்மற் அடிச்ச டிஸ்கில முதல் ஏத்தினது அதைத்தான்.