பழைய காருக்கு டர்போ: ஆயில் இறங்கும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள்

டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி), அதைத் தாங்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எல்லாம் வாங்கி வைத்தாகிவிட்டது, ஆனால் பானெட்டைத் திறந்தால் எதை எங்கே உட்கார வைப்பது என்று புரியவில்லை என்பவர்களுக்கு இது. பெட்ரோல் எஞ்சின், தொழிற்சாலையிலிருந்து டர்போ இல்லாமல் வந்த பழைய கார் என்று வைத்துக்கொள்கிறேன். பெட்ரோல் அளவு, இக்னிஷன் டைமிங், கம்ப்ரஷன் ரேஷியோ எல்லாம் தனிக்கதை, அதற்குள் போகவில்லை. காரை ஸ்டாண்டில் ஏற்றுவது, பேட்டரியைக் கழற்றுவது, கூலன்ட் வடிப்பது உங்களுக்கே தெரியும்.

பெரும்பாலானவர்கள் இன்டர்கூலர் பைப்பிலிருந்து தொடங்குகிறார்கள், ஏனென்றால் அதுதான் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். நான் சொல்வது தலைகீழ் வரிசை: டர்போவிலிருந்து ஆயில் கீழே இறங்கும் வழி முதலில், மற்றதெல்லாம் அதற்கு வளைந்து கொடுக்கட்டும். காற்றுப் பைப்பை எப்படி வேண்டுமானாலும் வளைத்துக் கொண்டு போகலாம், பம்ப் இல்லாமல் ஆயிலை மேல் நோக்கி ஓட வைக்க முடியாது.

படி 1: ஒத்திகை

மேனிஃபோல்டை இரண்டே நட்டில் தொங்க விட்டு, டர்போவைக் கையால் மட்டும் முடுக்கி வைத்துப் பாருங்கள். பிரேக் மாஸ்டர் சிலிண்டர், கிளட்ச் பைப், ஸ்டீயரிங் தண்டு, ரேடியேட்டர் ஃபேன், பேட்டரி, ஏசி பைப் இவற்றில் எது எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது மவுண்ட்டில் ஆடும், பழைய ரப்பராக இருந்தால் இன்னும் அதிகமாகவே ஆடும், அதனால் நிற்கும்போது ஒரு விரல் இடைவெளி இருக்கிறதே என்று திருப்திப்படாதீர்கள். அசையாத பாகத்துக்கும் டர்போவுக்கும் நடுவே 25 மி.மீ. இருந்தால் எனக்கு நிம்மதி. மவுண்ட் வெடித்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். பானெட்டை மெதுவாக இறக்கி மூடிப் பார்க்கவும் மறக்காதீர்கள். டர்போ மேல் களிமண் உருண்டை ஒன்றை வைத்து மூடினால், அது நசுங்கிய அளவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டிவிடும்.

படி 2: டர்போவின் நடுப்பகுதியைத் திருப்புதல்

பெட்டியிலிருந்து எடுத்த டர்போவின் ஆயில் வாய்கள் உங்கள் எஞ்சினுக்குச் சரியான திசையில் இருக்க வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. டர்பைன் பக்கமும் (எக்ஸாஸ்ட் வாயு ஓடும் பக்கம்) கம்ப்ரசர் பக்கமும் (காற்றை அழுத்தும் பக்கம்) உள்ள போல்ட்டுகளைத் தளர்த்தினால் நடுப்பகுதி தனியாகத் திரும்பும். ஆயில் உள்ளே போகும் வாய் மேலே, வெளியே வரும் வாய் கீழே. வடிகால் வாய் நேர்செங்குத்தாக இருந்தால் மிக நல்லது. காரட் (Garrett) போன்ற டர்போ தயாரிப்பாளர்கள் செங்குத்திலிருந்து 35 டிகிரி வரை சாய்வை அனுமதிக்கிறார்கள், நான் அந்த எல்லையைத் தொடவே மாட்டேன்.

முழுக்கக் கழற்றாதீர்கள், திரும்பும் அளவுக்குத் தளர்த்தினால் போதும். ஹவுசிங் கோணலாகச் சாய்ந்தால் கம்ப்ரசர் சக்கரத்தின் இதழ் முனை உரசி மடங்கிவிடும், அப்புறம் அந்த டர்போ போனதுதான். திருப்பி முடித்ததும் விரலால் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், எங்கும் உரசாமல் சுற்ற வேண்டும்.

படி 3: ஆயில் வடிகால்

என் நேரத்தையெல்லாம் தின்றது இந்தப் படிதான், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

டர்போவுக்குள் ஆயில் அழுத்தத்தோடு சின்ன ஓட்டை வழியாகப் போகிறது. பேரிங்கைத் தாண்டி வெளியே வரும்போது அழுத்தம் என்று எதுவும் மிச்சமில்லை, சோப்பு நுரை போலக் காற்றோடு கலந்து வருகிறது. அதைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு மட்டும்தான். அதனால்தான் உள்ளே போகும் குழாய் பென்சில் தடிமன் இருந்தால் வெளியே வரும் குழாய் கட்டைவிரல் தடிமன் கேட்கிறது. உள்விட்டம் 12 மி.மீ.க்குக் கீழே போகவே கூடாது, 16 மி.மீ. இருந்தால் கவலையில்லை. பத்தாம் நம்பர் ஏ.என். (AN என்ற அளவு முறை) ஹோஸ் ஏறக்குறைய அந்த அளவுதான்.

குழாய் வழி முழுக்க இறக்கமாகவே இருக்க வேண்டும். படுக்கையாக ஓடும் துண்டு கூடாது, நடுவில் தொங்கும் பள்ளம் கூடாது, 90 டிகிரி கூர்மையான எல்போவும் கூடாது. வளைக்கத்தான் வேண்டும் என்றால் 45 டிகிரி துண்டாகப் போடுங்கள். அது சம்ப்புக்குள் (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) நுழையும் இடம் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். டிப்ஸ்டிக் காட்டும் உச்ச மட்டத்தைச் சம்ப்பின் வெளிப்பக்கம் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, துளையை அதற்கு நன்றாக மேலே, சம்ப் விளிம்புக்குக் கீழே போடுங்கள்.

இது சரியில்லை என்றால் என்ன ஆகும்? டர்போ தண்டில் இருப்பது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய உலோக வளையம்தான். ஆயில் தேங்கினால் அந்த வளையத்தால் தடுக்க முடியாது, டர்பைன் பக்கமாக சைலன்சருக்குள் போகும். ஐடிலில் நிற்கும்போது நீலப் புகை. உடனே டர்போ போச்சு என்று கழற்றி, ரிப்பேர் கிட் போட்டு, மாட்டினால் மறுபடி அதே புகை. டர்போ மேல் குற்றமே இல்லை.

சம்ப்பில் துளை போடச் சம்ப்பைக் கழற்றுங்கள். காரிலேயே வைத்து, டிரில் முனையில் கிரீஸ் தடவி, சீவல் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஒரு சீவல் போதும் பேரிங்கைக் கீற. இரும்புச் சம்ப்பாக இருந்தால் வெல்டிங்தான் என் தேர்வு. ஆனால் வெல்டிங் சூட்டில் சம்ப் விளிம்பு வளையும், ஆகவே தட்டையான தடித்த பலகை இரும்பில் போல்ட் போட்டு இறுக்கிவைத்து வெல்டு செய்யச் சொல்லுங்கள். வந்ததும் உள்ளே தண்ணீர் ஊற்றிக் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, நன்றாகக் காய வைத்து, அப்புறம் மாட்டுங்கள்.

டர்போவுக்கும் வடிகால் ஃபிளேஞ்சுக்கும் நடுவே வரும் கேஸ்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சில கேஸ்கெட்டின் துளை டர்போ துளையைவிடச் சின்னதாக இருக்கும், பாதி வழியை அதுவே அடைத்துக்கொண்டு நிற்கும். வெட்டிச் சரி செய்யுங்கள். சிலிகான் பேஸ்ட் தடவாதீர்கள், இறுக்கும்போது பிதுங்கி உள்ளே தொங்கும். ஹோஸும் அப்படித்தான், கூலன்டுக்கு வரும் சாதாரண சிலிகான் ஹோஸ் ஆயிலைத் தாங்காது. மேலே பாதி இரும்புக் குழாய், கீழே ஆயில் தாங்கும் ரப்பர் ஹோஸ் துண்டு என்பதுதான் எனக்குப் பிடித்த அமைப்பு. டர்போ பக்கமுள்ள சூட்டை இரும்பு வாங்கிக்கொள்ளும்.

மாட்டி முடித்ததும் டர்போ பக்கத்தைக் கழற்றி, புனல் வைத்து ஒரு கோப்பை எஞ்சின் ஆயிலைச் சடாரென்று ஊற்றுங்கள். கடகடவென்று இறங்க வேண்டும். புனலில் ஏறி நின்றால் வழியை மாற்றித்தான் ஆக வேண்டும்.

படி 4: ஆயில் உள்ளே போகும் குழாய்

ஆயில் பிரஷர் ஸ்விட்ச் இருக்கும் துளையில் டீ (T வடிவ இணைப்பு) போட்டு எடுப்பது வழக்கம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய ஜப்பானியக் கார்களில் அந்த மரை பெரும்பாலும் 1/8 பி.எஸ்.பி.டி. (பிரிட்டிஷ் குழாய் மரை), கடையில் சுலபமாகக் கிடைக்கும் ஃபிட்டிங் 1/8 என்.பி.டி. (அமெரிக்கக் குழாய் மரை). முன்னதில் அங்குலத்துக்கு 28 மரை, பின்னதில் 27. ஆகவே முதல் இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும், அப்புறம் பிடிக்கும், சரி இறுக்கமாக இருக்கிறது என்று ஸ்பேனர் போட்டால் மரை கெடும், இல்லையென்றால் கசியும். மரை அளவுச் சீப்பு விலை குறைவுதான், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டெஃப்லான் டேப் இந்தக் குழாயில் எங்கும் வேண்டாம். பிய்ந்த நூல் ஒன்று டர்போவின் ஆயில் துளையில் போய் உட்கார்ந்தால் முடிந்தது. பால் பேரிங் டர்போவுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் (ஆயில் ஓட்டத்தைக் குறைக்கும் துண்டு) தேவைப்படும், அதை டர்போவோடு வந்த தாளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண புஷ் பேரிங் டர்போவுக்குப் பெரும்பாலும் தேவையில்லை.

படி 5: கூலன்ட்

டர்போவுக்குப் போகும் கூலன்ட் குழாய்களில் செப்பு வாஷர் புதிது, பாஞ்சோ போல்ட்டின் (உள்ளே திரவம் ஓடும் துளையுள்ள போல்ட்) இரண்டு பக்கமும். வெளியேறும் குழாய் உள்ளே வரும் குழாயைவிட உயரமாகப் போக வேண்டும், அப்போதுதான் எஞ்சினை அணைத்த பிறகும் சூடான கூலன்ட் தானாக மேலேறி குளிர்ந்ததை இழுக்கும். அவ்வளவுதான்.

படி 6: நட்டு, பைப், கிளிப்

டர்பைன் பக்கத்தில் ஸ்பிரிங் வாஷர் போடாதீர்கள், அந்தச் சூட்டில் அதன் விறைப்பு போய்விடும். செப்பு பூசிய லாக் நட்டு, ஸ்டட்டில் ஆன்டி சீஸ் (மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் காக்கும் பசை). முதல் சில சூடு ஆறல்களுக்குப் பிறகு, எஞ்சின் முழுக்க ஆறியதும், எல்லா நட்டையும் மறுபடி முடுக்குங்கள்.

இன்டர்கூலர் பைப் முனையில் மேடு உருட்டியிருக்க வேண்டும், வழவழப்பாக விட்டால் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) வந்ததும் ஹோஸ் கழன்று பறக்கும். சிலிகான் ஹோஸுக்கு டி போல்ட் கிளாம்ப். பல் வெட்டிய சாதாரண ஹோஸ் கிளிப் சிலிகானை அறுக்கிறது, எனக்கு அதைப் பார்த்தாலே பிடிக்காது. ஹோஸ் உள்பக்கம் கொஞ்சம் ஹேர் ஸ்பிரே அடித்துச் சொருகினால் முதலில் வழுக்கி ஏறும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும்.

வேஸ்ட்கேட் (மிஞ்சும் வாயுவை டர்பைனைத் தவிர்த்து வெளியே விடும் கதவு) ஆக்சுவேட்டருக்குப் போகும் சின்ன ஹோஸ் குட்டையாக, தனியாக, இரண்டு முனையிலும் கிளிப்போடு இருக்கட்டும். அது கழன்றால் பூஸ்டைக் கட்டுப்படுத்த ஆளில்லை.

படி 7: சூடு

ஓட்டம் கடுமையானால் டர்பைன் பக்க வாயு 900 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும். பிரேக் பைப், கிளட்ச் பைப், வயரிங் எதுவும் அதை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. தகடு வையுங்கள், ஆனால் தகட்டுக்கும் காக்க வேண்டிய பொருளுக்கும் நடுவே காற்று ஓட இடம் விடுங்கள், ஒட்டி வைத்தால் தகடே சூட்டைக் கடத்தும்.

படி 8: முதல் ஸ்டார்ட்

இக்னிஷனைத் துண்டித்து, பெட்ரோல் பம்ப் ஃபியூசை எடுத்துவிட்டு, டர்போவின் மேல்வாயில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, வடிகால் ஹோஸைக் கழற்றிக் கீழே ஒரு டப்பா வைத்து, விட்டுவிட்டு ஸ்டார்ட்டர் சுற்றுங்கள். டப்பாவில் ஆயில் ஒழுகுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஹோஸை மாட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஐடிலில் விடுங்கள், முறுக்காதீர்கள்.

பிற்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

கம்ப்ரசர் ஹவுசிங்கைத் திருப்பிய பிறகு ஆக்சுவேட்டர் கம்பி வேஸ்ட்கேட் கைக்கு நேராக வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். பிராக்கெட் கம்ப்ரசர் பக்கத்தில் இருப்பதால் வரும் சிக்கல் அது. கம்பியை வளைத்துச் சமாளிக்காதீர்கள், சிக்கிக்கொள்ளும். பிராக்கெட்டைப் புதிதாகச் செய்து நேராக்கி, கையை மூடிய நிலையில் கம்பித் துளை ஒன்றிரண்டு மி.மீ. குட்டையாக வரும்படி வைத்து, இழுத்து மாட்டுங்கள்.

வடிகால் சரியாக இருந்தும் நீலப் புகை என்றவர்களுக்கு: எஞ்சின் பிரீதரைப் (எஞ்சினின் உள் அழுத்தம் வெளியேறும் வழி) பாருங்கள். கிராங்க் கேஸில் (சம்ப்புக்கு மேலே உள்ள எஞ்சினின் அடிப்பகுதி) அழுத்தம் ஏறினால் மேலிருந்து வரும் ஆயிலை அதுவே பிடித்து நிறுத்தும். பழைய பி.சி.வி. வால்வு (கிராங்க் கேஸ் வாயுவை இன்டேக்குக்கு விடும் வால்வு) பூஸ்டில் சரியாக மூடாமல், காற்றை எஞ்சினுக்குள்ளேயே தள்ளுவது சகஜம். நல்ல ஒரு வழி வால்வு ஒன்றைச் சேர்த்து, டேப்பட் கவரின் பிரீதரை டர்போவுக்கு முன்னால் உள்ள காற்றுப் பைப்பில் கொடுங்கள், நடுவில் ஆயில் பிடிக்கும் டப்பாவோடு.

டர்போ சம்ப் மட்டத்துக்கே வருகிறது, மேலே தூக்க இடமில்லை என்பவர்களுக்கு ஆயிலை உறிஞ்சித் திருப்பும் மின்பம்ப் ஒன்றுதான் வழி. சூடான ஆயிலைத் தாங்கும் பம்ப்பாக வாங்குங்கள், பெட்ரோல் பம்ப்பை வைத்து ஒப்பேற்றாதீர்கள். பம்ப் நின்றால் டர்போ உடனே ஆயிலில் மூழ்கும், ஆகவே திரும்பும் குழாயில் ஒரு பிரஷர் ஸ்விட்ச் போட்டு டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு கொடுத்துவிடுங்கள்.