ராணுவ டிரக்குக்கு அலுமினிய வீல்: துளை பொருந்தினால் மட்டும் போதாது

ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ டிரக்குக்கு அலுமினிய வீல் போட ஆசைப்படுவது நியாயம்தான். 22.5 அங்குல அலுமினிய வீல், அதே அளவு இரும்பு வீலைவிட சுமார் 10 கிலோ லேசு. லாக் ரிங் (டயரை ரிம்மில் பூட்டும் தனி இரும்பு வளையம்) வைத்த பழைய ரிம்மோடு போராடும் வேலையும் போய்விடும். ஆனால் துளைகளை எண்ணி, அவற்றின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டத்தை அளந்து, "பொருந்துகிறது" என்று உடனே பணம் கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலான தொல்லைகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வீலை மையத்தில் பிடித்து நிறுத்துவது எது என்பதுதான். அமெரிக்க லாரிகளில் 10 துளை, 285.75 மி.மீ. (11.25 அங்குலம்) வட்டம் என்ற அளவு இரண்டு வேறு முறைகளுக்கும் பொது. ஹப் என்பது அச்சு முனையில் வீல் உட்காரும் பகுதி; ஸ்டட் என்பது அதில் நிற்கும் மரையாணி. பழைய ஸ்டட் பைலட் முறையில் நட்டின் முகம் உருண்டையாக இருக்கும். துளை விளிம்பில் அதற்கென்றே வெட்டிய குழியில் உட்கார்ந்து அதுவே வீலை மையப்படுத்தும். பின்னால் வந்த ஹப் பைலட் முறையில் ஹப்பில் உள்ள திண்டுகள் வீலின் நடுத்துளையைத் தாங்கி மையப்படுத்தும்; தட்டை முக நட்டுக்கு அழுத்திப் பிடிக்கும் வேலை மட்டும்தான்.

இன்று பழைய சாமான்களில் கிடைக்கும் அலுமினிய வீல்களில் ஹப் பைலட் வகையே அதிகம். பழைய ராணுவ ஹப்போ பெரும்பாலும் ஸ்டட் பைலட். வீல் ஸ்டட்டுக்குள் சுலபமாக நுழைந்துவிடும், அதனால் நம்பிவிடுகிறோம். உருண்டை நட் துளையின் கூர் விளிம்பை மட்டும் கடித்து நிற்கும். இரும்பைவிட மிருதுவான அலுமினியம் அங்கே நசுங்கும். நசுங்க நசுங்கப் பிடிப்பு குறையும், நட் தளரும், கடைசியில் ஸ்டட் முறியும். ஒரு ஸ்டட் முறிந்தால் பக்கத்து ஸ்டட்டுகள் அதன் சுமையையும் ஏற்க வேண்டும். வாஷர், வளையம் என்று எதையாவது செருகிச் சமாளிப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உருண்டைக் குழி உள்ள ஸ்டட் பைலட் அலுமினிய வீலைத் தேடுங்கள், அல்லது ஹப்பையே மாற்றுங்கள்.

அமெரிக்க ராணுவத்தின் எம்35 வகை இரண்டரை டன் டிரக்கில் 6 துளை, 8.75 அங்குல வட்டம். இதற்குப் பொருந்தும் அலுமினிய வீல் அரிது என்பதால் வேறு வீலில் புதிதாகத் துளை போடுகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். பழைய துளையை வெல்டு வைத்து அடைப்பது அதைவிட மோசம். வெப்பப்பதம் கொடுத்துத்தான் இந்த உலோகத்துக்கு வலிமை வருகிறது. வெல்டிங் சூடு அந்தப் பதத்தையே எடுத்துவிடும். வளைந்த வீலைச் சூடாக்கி நிமிர்த்துவதும் இதே ஆபத்துதான்.

அடுத்தது தடிமன். அலுமினிய வீலின் தட்டு இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிமன். இரும்புக்கு அளவாக இருந்த ஸ்டட் இதற்குக் குட்டை. இரட்டை டயர் போடும் பின்பக்கத்தில், ஸ்டட் பைலட் முறையில் உள்வீலைப் பிடிக்கும் தொப்பி நட்டும் அலுமினியத்துக்கென்றே நீளமாக வர வேண்டும். உள்ளே இரும்பு, வெளியே அலுமினியம் என்று கலந்தால் அந்தச் சேர்க்கைக்கு உரிய நட்தான் வேண்டும். தொப்பி நட் இல்லாத இடத்தில், முறுக்கி முடித்த பின் ஸ்டட் முனை நட்டுக்குள்ளேயே ஒளிந்திருந்தால் அந்த வண்டியைச் சாலைக்கு எடுக்கக் கூடாது.

டயர் விஷயத்தில் 20 அங்குல டயர் 22.5 ரிம்மில் ஏறவே ஏறாது, ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மொத்த உயரத்தில் 9.00-20க்கு நெருக்கமானது 10ஆர்22.5, 10.00-20க்கு 11ஆர்22.5. பின் அச்சுகள் இரண்டில் ஒன்றில் மட்டும் மாற்றிவிட்டு மற்றதில் பழையதை விடுவது தவறு. எம்35-இன் பின் அச்சுகள் இரண்டுக்கும் நடுவே, வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. உருளும் சுற்றளவு வேறுபட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே ஓடும், சுமை முழுவதும் கியரிலும் டயரிலும் இறங்கும்.

ஆஃப்செட் (ஹப்பில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் தூரம்) மாறினால் இரட்டை டயர்கள் உரசலாம், ஸ்டியரிங் கனக்கலாம், வால்வு தண்டு டிரம்மில் இடிக்கலாம். டயர் இல்லாத வீலை மாட்டிக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வீலில் பொறித்திருக்கும் அதிகபட்ச சுமையையும் காற்றழுத்தத்தையும் படித்து, அச்சின் சுமையோடு ஒப்பிடுங்கள்.

பழைய ரிம்மைக் கழற்றும்போது, நட்டில் கை வைப்பதற்கு முன் வால்வு ஊசியை எடுத்து முழுக் காற்றையும் இறக்குங்கள். இரட்டை டயரென்றால் இரண்டிலும். லாக் ரிங் தெறித்து உயிர்கள் போயிருக்கின்றன. பல ராணுவ டிரக்குகளில் இடப்பக்க ஸ்டட்டுகள் லெஃப்ட் த்ரெட் (வழக்கத்துக்கு எதிர்த்திசையில் முறுக்கும் மரை) என்பதும் நினைவிருக்கட்டும். ஸ்டட் முனையில் ஆங்கில 'எல்' (L) எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

மாட்டும்போது ஹப் முகத்தில் துருவும் தடித்த பெயின்டும் இருக்கக் கூடாது. பெயின்ட் பின்னால் நசுங்கி இறங்கும், நட் தளரும். முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, எதிரெதிராக, அந்த வகை ஸ்டட்டுக்குச் சொன்ன அளவில் முறுக்குங்கள். 80 முதல் 160 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். நட்டைச் சுற்றிக் கறுப்புக் கோடுகள் தெரிந்தால் வீல் அசைகிறது என்று பொருள். மேலும் முறுக்கி ஓட்டாமல், கழற்றித் துளைகளைப் பாருங்கள்.