பழைய மோட்டார் சைக்கிளில் ஒயில் எங்கே நிற்கிறது?

நுவரெலியாவின் விடியற்காலைக் குளிரில் எஸ்.ஏ.இ. 50 என்னும் தடித்த தர ஒயில் பாகு போலத் தடித்துக் கிடக்கும். அதே வண்டியை 1,868 மீற்றர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டிக்கு இறக்கினால், எஞ்சினின் சூட்டோடு ஊரின் வெக்கையும் சேர்ந்து அந்த ஒயிலை நன்றாக இளக்கிவிடும். ஒரே பயணத்தில் இரு நிலைகளையும் காண்பதால், மலையகத்தில் ஓடும் பழைய வண்டிகளில் ஒயில் சுற்றோட்டக் கோளாறு விரைவாகவே வெளிப்படுகிறது. ஆனால் புகையைக் கண்டவுடன் எஞ்சினைப் பிரிக்கக் கூடாது. ஒயில் எந்த இடத்தில் தங்குகிறது என்பதை அறிந்த பின்னரே ஸ்பானரை எடுக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைகள் பெருமளவில் பயன்படுத்திய பி.எஸ்.ஏ. எம்20, அதே நிறுவனத்தின் பி31, டிரையம்ப் இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் ஆகியவற்றில் ஒயில் எஞ்சினின் அடியில் தேங்கி நிற்பதில்லை. அது தனி ஒயில் தாங்கியிலிருந்து இறங்கி, பம்பின் ஒரு பாதியால் கிராங்க் தண்டுக்குத் தள்ளப்பட்டு, எஞ்சினின் அடிக்குழியான சம்பில் வடிந்து, பம்பின் மறு பாதியால் மீண்டும் தாங்கிக்கு ஏற்றப்படுகிறது. ஏற்றும் பாதி தள்ளும் பாதியை விடப் பெரியது. அதனால் சம்ப் காலியான பின் அது ஒயிலோடு காற்றையும் சேர்த்தே இழுக்கும். தாங்கியின் மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்க்கும்போது, திரும்பும் குழாயிலிருந்து ஒயில் விட்டுவிட்டு, குமிழிகளுடன் துப்புவதுபோல் விழுவது இதனால்தான். அது நல்ல அடையாளம்; அதைக் கோளாறென்று எண்ணிப் பம்பைக் கழற்றியவர்களை நான் அறிவேன்.

பல நாட்கள் நின்ற வண்டியில் தாங்கியின் மட்டம் குறைந்திருந்தால், உடனே ஒயில் ஊற்றாதீர்கள். தேய்ந்த பம்பின் வழியாகவோ சரியாக மூடாத குண்டு வால்வின் வழியாகவோ ஒயில் சம்புக்குள் கசிந்து இறங்கியிருக்கும். அந்த நிலையில் மேலும் ஊற்றி ஸ்டார்ட் செய்தால், எஞ்சின் ஓடியதும் சம்பிலுள்ளது மேலேறித் தாங்கி வழியும். சைலன்சர் நீலப் புகையைக் கக்கும்.

ஆகவே முதல் வேலை சம்பை வடிப்பதுதான். வடிந்த ஒயிலை ஒரு போத்தலில் பிடித்து அளந்து எழுதி வையுங்கள். பிறகு தாங்கியை உரிய மட்டத்துக்கு நிரப்பி, எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் ஒரு நிமிடம் மட்டும் ஓட விட்டு, திரும்பும் குழாயைப் பாருங்கள். ஒயில் வரவில்லையென்றால் அந்தக் கணமே நிறுத்தி, சம்பை மறுபடி வடியுங்கள். கணிசமான ஒயில் வந்தால், தள்ளும் பாதி வேலை செய்கிறது. கோளாறு ஏற்றும் பாதியில் இருக்கிறது. சம்ப் வறண்டிருந்தால் எஞ்சினுக்கு ஒயிலே போகவில்லை. முதலில் வடிக்காமல் இச்சோதனையைச் செய்தால், பழைய கசிவைப் புதிய வரத்தென்று தவறாகக் கொள்வீர்கள்.

ஏற்றும் பக்கத்தில் பி.எஸ்.ஏ. ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளின் பெயர்பெற்ற குற்றவாளி, சம்பிலிருந்து ஒயிலை உறிஞ்சும் குழாய்க்குள் இருக்கும் சிறு குண்டு. நெடுநாள் நின்ற வண்டியில் அது பிசின்போன்ற ஒயிலில் ஒட்டிக்கொள்ளும். சம்பின் அடித்தகட்டையும் ஒயிலை வடிகட்டும் வலையையும் கழற்றி, முனை மழுங்கிய மெல்லிய கம்பியால் அதைக் கீழிருந்து மெதுவாகத் தள்ளினால், எழுந்து தானாகவே விழ வேண்டும். எழாவிட்டால் மண்ணெண்ணெயில் ஊறவிடுங்கள். அடித்துத் தளர்த்த முயல வேண்டாம். குண்டு சரியாக இருந்தால், பம்பின் அடியிலுள்ள கேஸ்கட்டில் காற்று புகுகிறதா என்று பாருங்கள். தலவாக்கலையில் என் கைக்கு வந்த ஓர் எம்20 இல், முன்னர் அதில் வேலை பார்த்த ஒரு கராஜில் கடதாசிக் கேஸ்கட்டின் மேல் சிலிக்கனும் பூசியிருந்தார்கள். பிதுங்கிய சிலிக்கன் ஒயில் துளையை முக்கால்வாசி அடைத்திருந்தது. அந்த இடத்தில் சிலிக்கன் ஒருபோதும் வேண்டாம். துளைகள் சரியாக வெட்டப்பட்ட மெல்லிய கடதாசியே போதும்.

தள்ளும் பக்கம் வறண்டிருந்தால், முதலில் தாங்கியின் அடியில் யாரேனும் ஒயிலைத் திறந்து மூடும் டெப் பொருத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். கசிவைத் தடுக்க அதைப் பொருத்தி, திறக்க மறந்து எஞ்சினைக் கெடுத்துக்கொள்வது எளிது. நான் அதை ஏற்பதில்லை. அடுத்து, பழைய ரப்பர் குழாய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உரிந்து அடைத்திருக்கலாம். ஒயில் மாற்றிய பின் வராவிட்டால் காற்றுப் பூட்டாக, அதாவது குழாயில் சிக்கிய காற்று ஒயிலைத் தடுப்பதாக, இருக்கலாம்: பம்புக்கு வரும் இணைப்பைச் சற்றுத் தளர்த்தி, குமிழியின்றி ஒயில் சொட்டும்வரை காத்திருந்து இறுக்குங்கள்.

அழுத்தமானி பொருத்த விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிரையம்ப் 650 போன்ற வண்டிகளில், சூடான எஞ்சின் ஓட்டத்தின்போது சதுர அங்குலத்துக்கு 65 முதல் 80 இறாத்தல் வரையும், ஐட்லிங்கில் 20 முதல் 25 வரையும் காட்டினால் நிறைவு. எம்20 இன் பிக் எண்டில், அதாவது பிஸ்டன் தண்டு கிராங்க் தண்டோடு இணையும் இடத்தில், உருளைப் பெயாரிங் இருப்பதால், அங்கே ஒயில் ஓடுகிறதா என்பதே கேள்வி. மானி குறைவாகக் காட்டுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இறம்பொடை இறக்கத்தில் திரொட்டிலை மூடி நெடுந்தூரம் இறங்கிவிட்டு, கீழே முறுக்கும்போது மட்டும் நீலப் புகை வந்து, தாங்கியில் ஒயில் ஒழுங்காகத் திரும்பினால், அது சுற்றோட்டக் கோளாறன்று. சிலிண்டருக்குள் உண்டாகும் வெற்றிடம் தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியாகவோ, வால்வின் தண்டு ஓடும் வால்வ் கைட் வழியாகவோ ஒயிலை இழுக்கிறது. நின்ற வண்டி ஸ்டார்ட்டில் மட்டும் புகைத்துச் சில நிமிடங்களில் தெளிந்தால் அது கசிவு. ஓடும் நேரமெல்லாம் புகைத்து, தாங்கி மட்டமும் இறங்கிக்கொண்டே போனால்தான் ஏற்றும் பாதியை ஐயுற வேண்டும்.

தோட்டத்திலிருந்து டவுனுக்கும் திரும்பவும் குறுந்தூரமே ஓடும் வண்டிகளில், மூடுபனியின் ஈரம் ஒயிலில் கலந்து மோர் நிறமாகத் தாங்கி மூடியில் படியும். சிறிதளவு கவலைக்குரியதன்று, ஆனால் அது வலையில் கசடாகச் சேரும். வாரம் ஒருமுறையாவது எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, ஒவ்வொரு ஒயில் மாற்றத்தின்போதும் வலையைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். வலையில் மினுங்கும் உலோகத் துகள் இருந்தால், வண்டியை அதே இடத்தில் நிறுத்திவிட்டு, பிக் எண்டைப் பார்க்க எஞ்சினை இறக்குங்கள்.