ஆய்விதழுக்கு நூலகச் சந்தா கேட்க ஏற்ற நேரம்

உங்கள் ஆய்வுக் கழகத்தின் இதழைக் கல்லூரி நூலகம் வாங்க வேண்டுமென்றால், கோரிக்கையை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். இதழின் எட்டு இலக்க ஐ.எஸ்.எஸ்.என். எண் (ஒவ்வொரு இதழையும் அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்), அது பயன்படப்போகும் பாடப்பிரிவு, துறைத் தலைவரின் கையொப்பம் மூன்றும் அதில் இருக்கட்டும்.

பெரும்பாலான ஆய்விதழ்களின் சந்தா ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அதனால் அடுத்த ஆண்டுக்கான பட்டியலை நூலகங்கள் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிவுசெய்து முகவரிடம் ஆர்டர் கொடுத்துவிடுகின்றன; ஜனவரியில் போய்க் கேட்டால் பணம் வேறு இதழ்களுக்குப் போயிருக்கும். அச்சுப் பதிப்புக்கும் இணையப் பதிப்புக்கும் ஐ.எஸ்.எஸ்.என். வெவ்வேறு என்பதால், எது வேண்டும் என்பதையும் எழுதுங்கள். சரியான எண் இருந்தால், பெயர் ஒத்த வேறு இதழ் தவறி வந்து சேராது. தனி ஆளின் பெயரில் போகும் கடிதத்தைவிடத் துறையின் பெயரில் போகும் கடிதத்துக்கு நூலகக் குழுவில் மதிப்பு அதிகம்.

அரசுக் கல்வி நிறுவனமாக இருந்தால் முதலில் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற மத்திய அரசுத் திட்டத்தின் பட்டியலைப் பாருங்கள். 2025 ஜனவரி முதல் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அதில் கிடைக்கின்றன. அங்கே இருக்கும் இதழுக்குத் தனிச் சந்தா தேவையில்லை. இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கும் 'கரண்ட் சயின்ஸ்' போன்றவற்றுக்கும் இந்த வழி பொருந்தாது; அச்சுப் பிரதி வேண்டுமானால் மட்டும் கேளுங்கள்.