மிதந்துவிட்டால் பேரிங் ஆகிவிடாது

கறுப்பு வில்லையின் மேல் திரவ நைட்ரஜனை ஊற்றி, காந்தத்தை மிதக்கவிட்டு, விரலால் சுண்டிச் சுழற்றும் காணொளிகளுக்குக் குறைவில்லை. அந்த வில்லை ஒரு மீக்கடத்தி, அதாவது போதுமான அளவு குளிர்ந்தால் மின்தடையே இல்லாமல் போகும் பொருள். அவற்றைப் பார்த்துவிட்டு, சுழலும் பாகத்தைத் தொடாமலே தாங்கும் மீக்கடத்தி பேரிங் செய்ய இறங்குபவர்கள், காந்தம் மிதந்ததுமே வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். மிதக்கவைப்பது சுலபமான பாதி. எவ்வளவு பாரம் தாங்குகிறது, சுழலும்போது எவ்வளவு ஆற்றலை இழக்கிறது என்பதுதான் பேரிங்கின் கதை.

தவறு பெரும்பாலும் பொருளை வாங்கும்போதே தொடங்குகிறது. 1987இல் கண்டறியப்பட்ட இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு (சுருக்கமாக ஒய்பிசிஓ) சுமார் 92 கெல்வினில் மீக்கடத்தியாகிறது. திரவ நைட்ரஜன் 77 கெல்வினில் கொதிப்பதால் குளிரூட்டல் பிரச்சினை இல்லை. ஆனால் பொடியை அழுத்திச் சுட்டெடுத்த மலிவான வில்லையில் ஒவ்வொரு துகள் எல்லையும் மின்னோட்டத்தைத் தடுக்கும். சிறு காந்தத்தைத் தூக்கிக் காட்ட அது போதும், பேரிங்குக்கு உதவாது. தேவைப்படுவது உருக்கி வளர்த்த ஒற்றைப் படிக வில்லை. அதன் மேற்பரப்பில், வளர்ச்சி தொடங்கிய நடுவிலுள்ள விதைப் படிகத்திலிருந்து நான்கு கோடுகள் விளிம்பை நோக்கி ஓடும். கோடுகள் பாதியில் நின்றிருந்தால் படிகம் விளிம்புவரை வளரவில்லை என்று பொருள்.

அடுத்தது இடைவெளி. காந்தம் 3 மி.மீ. உயரத்தில் மிதக்க வேண்டும் என்று முடிவுசெய்து, 3 மி.மீ. அட்டையை இடையில் வைத்துக் குளிரவிடுவார்கள். அட்டையை உருவியதும் காந்தம் கீழே இறங்கிவிடும், பிறகு குழம்புவார்கள். காந்தம் அருகில் இருக்கும்போதே குளிரவைத்தால், அந்த இடத்தில் காந்தப் பாயம் (வில்லையை ஊடுருவும் காந்தப் புலம்) சிறைப்பட்டுவிடுகிறது. அதே இடத்தில் இருக்கும்வரை தூக்குவிசை பூஜ்யம். அங்கிருந்து நகர்ந்தால்தான் விசை பிறக்கும். எனவே விரும்பும் உயரத்துக்கு மேலே பிடித்துக் குளிரவைத்து, பாரத்தை ஏற்றி இறங்கவிட வேண்டும். அப்படி இறங்கிய பிறகும் அது ஓரிடத்தில் நிற்காது. சிறைப்பட்ட பாயம் மெல்ல நழுவுவதால் தூக்குவிசை மடக்கை விகிதத்தில் குறையும்: முதல் நிமிடத்திலிருந்து பத்தாவது நிமிடம்வரை எவ்வளவு குறைகிறதோ, ஏறக்குறைய அவ்வளவே பத்திலிருந்து நூறாவது நிமிடம்வரையிலும் குறையும். பாரத்தை ஏற்றியவுடன் இடைவெளியை ஒரு முறை அளந்து குறித்துக்கொள்வது அளவீடே அல்ல.

இனி, பலரும் கண்டுகொள்ளாத இடத்துக்கு வருவோம். 'தொடுதலே இல்லை, எனவே உராய்வும் இல்லை' என்பது பாதி உண்மை. காந்த வளையத்தின் புலம் சுற்றிலும் ஒரே அளவில் இருந்தால், அது சுழல்வதே மீக்கடத்திக்குத் தெரியாது. கடையில் கிடைக்கும் நியோடிமியம் வளையங்களில் புலம் இடத்துக்கு இடம் சில சதவீதம் மாறும். அந்த மேடு பள்ளம் ஒவ்வொரு சுற்றிலும் மீக்கடத்திக்குள் பாயத்தை உள்ளே தள்ளி வெளியே இழுக்கிறது. காந்தத் தயக்க இழப்பாக ஆற்றல் வீணாகிறது. சதுரக் காந்தத்தை வைத்துவிட்டு 'சுற்ற மறுக்கிறதே' என்று புலம்புவது இதன் உச்சம். வாங்கிய வளையங்களை, காந்தப் புலத்தை அளக்கும் ஹால் உணரியின் கீழ் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, இருப்பதிலேயே சீரானதைத் தேர்ந்தெடுங்கள். மீக்கடத்திக்குச் செலவிடும் கவனத்தில் பாதியையாவது காந்தத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

சுழலவிட்டு, தானாக வேகம் குறைவதை அளப்பதே வழக்கமான சோதனை. நிற்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை மட்டும் பெருமையாகச் சொல்வதில் பொருளில்லை. வேகம் குறையும் வரைபடத்தின் வடிவத்தைப் பாருங்கள். ஒரு சுற்றில் ஏற்படும் தயக்க இழப்பு வேகத்தைச் சார்ந்ததல்ல. ஆகவே கோடு நேராக இறங்கும். அருகிலுள்ள அலுமினியத் தட்டிலோ செம்புப் பாத்திரத்திலோ எழும் சுழல் மின்னோட்டம் வேகத்துக்கு ஏற்பப் பிடித்திழுக்கும்; அப்போது சம கால இடைவெளிகளில் வேகம் ஒரே விகிதத்தில் குறையும். காற்றின் இழுவையோ அதிவேகத்தில் மற்ற இரண்டையும் மூடிமறைத்துவிடும். திறந்த அறையில் எடுத்த அளவீடு பெரும்பாலும் காற்றைப் பற்றியதுதான். அதற்காகத் திறந்த நைட்ரஜன் பாத்திரத்தை வெற்றிட அறைக்குள் வைத்துப் பம்பை ஓடவிடாதீர்கள். நைட்ரஜன் கொதித்துக் குளிர்ந்து சுமார் 63 கெல்வினில் உறைந்துபோகும். நைட்ரஜன் தனிக் கலத்தில் இருக்க, அதன் குளிர்ந்த சுவரோடு வில்லை ஒட்டியிருக்கட்டும்.

வேகத்தைக் கூட்டும்போது இரண்டு ஆபத்துகள். எஃகுப் பேரிங்கோடு ஒப்பிட்டால் இதன் விறைப்பு மிகக் குறைவு. ஒத்திசைவு அதிர்வு (குறிப்பிட்ட வேகத்தில் ஆட்டம் பெருகுவது) குறைந்த வேகத்திலேயே வந்துவிடும். அங்கே தயங்கி நிற்காமல் விரைந்து கடக்க வேண்டும். பக்கவாட்டில் ஆட இடமும், தடம் மாறினால் தாங்கிப்பிடிக்க ஓர் உதவிப் பேரிங்கும் வேண்டும். இரண்டாவது, காந்தமே உடைவது. நியோடிமியம் காந்தத்தின் இழுவலிமை சுமார் 80 மெகாபாஸ்கல்தான். விளிம்பு வேகம் வினாடிக்கு 100 மீட்டரை எட்டும்போதே மெல்லிய வளையத்தில் ஏறக்குறைய அந்த அளவு தகைவு (உள்ளிழுப்பு அழுத்தம்) வந்துவிடும், 100 மி.மீ. விட்டமுள்ள வளையத்துக்கு இது நிமிடத்துக்குச் சுமார் 19,000 சுற்று. நுண்விரிசல் இருந்தால் அதற்கு வெகு முன்பே சிதறும். கார்பன் இழைப் பட்டை சுற்றாமல், பாதுகாப்புக் கூண்டு இல்லாமல் அந்தப் பக்கமே போகக் கூடாது. பெரிய பாரத்துக்கு நிலைக்காந்தம் போதாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 2015இல் ஜப்பானின் ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமும் கூட்டாளிகளும் 4 டன் எடையுள்ள ஆற்றல் சேமிப்புச் சக்கரத்தை மீக்கடத்தி பேரிங்கில் மிதக்கவிட்டபோது, நிலைக்காந்தத்துக்குப் பதில் மீக்கடத்திச் சுருளையே பயன்படுத்தினார்கள்.

ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் சுமார் 700 லிட்டர் வாயுவாகும். மூடிய அறையில் அது ஆக்சிஜனை விரட்டும், இறுக மூடிய கலத்தை வெடிக்கவைக்கும். சோதனை முடிந்ததும் வில்லையை அப்படியே மேசையில் விடுவது இன்னொரு தவறு. குளிர்ந்த பரப்பில் படியும் பனி உருகி நீராகி ஒய்பிசிஓவை அரித்துவிடும். உலர்ந்த நைட்ரஜன் வாயுவிலோ வெதுவெதுப்பான உலர் காற்றிலோ சூடேறவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடிவைக்க வேண்டும்.