டிப்ஸ் டப்பாவுக்கு முன்னாலும் பின்னாலும்

காபிக் கடையில் பணம் கட்டும் நேரத்தில் கல்லாவில் இருப்பவர் டிப்ஸ் கேட்கும் அந்தத் திரையை நம் பக்கம் திருப்பி வைப்பார். 18, 20, 25 சதவீதம் என்று மூன்று பெரிய கட்டங்கள், அவற்றுக்குக் கீழே எங்கேயோ பொடி எழுத்தில் 'டிப்ஸ் வேண்டாம்'. பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள், எதிரே இருப்பவர் கூரையில் ஏதோ பல்லி ஓடுகிற மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார், நமக்குக் காது சுடுகிறது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நான் இரண்டரை வருஷம் நின்றிருக்கிறேன், கூரையை நிறையவே பார்த்திருக்கிறேன். நீங்கள் எதை அழுத்தினீர்கள் என்பது பெரும்பாலும் எங்கள் கண்ணிலேயே படாது, அடுத்த ஆர்டருக்கு எந்தப் பால் என்பதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த எண்களை வைத்தது காபி போடுகிறவரும் இல்லை. முதலாளி வைத்திருப்பார், இல்லாவிட்டால் பில் போடும் மென்பொருளில் ஏற்கெனவே இருந்ததை அப்படியே விட்டிருப்பார்கள். மூன்று எண்ணைக் காட்டினால் நடு எண்ணில் கை போகும் என்பது அதைச் செய்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். இந்தச் சதவீதக் கணக்கு, மேஜையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சாப்பிடுகிறவருக்கு ஒரே ஆள் பரிமாறும் உணவகங்களிலிருந்து வந்தது. நின்றபடி வாங்கிக்கொண்டு போகிற ஒரு கோப்பைக்கு அதே அளவுகோல் பொருந்தாது. 'வேறு தொகை' என்று ஒரு பொத்தான் இருக்கும், அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

பணம் போகிற வழியைப் பாருங்கள்

எவ்வளவு கொடுப்பது என்று எல்லாரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, கொடுத்தால் அது யார் கைக்குப் போகிறது என்பது. இது நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் கடைக்குக் கடை மாறும்.

அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டப்படி, டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் மட்டும் ரொக்கச் சம்பளமாகக் கொடுத்தால் போதும், டிப்ஸைச் சேர்த்தும் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலர் வரவில்லை என்றால் மிச்சத்தை அவர் ஈடுகட்ட வேண்டும். அந்த 2.13 டாலர் 1991-லிருந்து அசையவே இல்லை. கலிபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் மாதிரியான மாநிலங்களில் முதலாளிக்கு இந்தச் சலுகை கிடையாது, முழுக் குறைந்தபட்சக் கூலியையும் கொடுத்தே ஆக வேண்டும். சலுகை உள்ள மாநிலங்களிலும் பல காபிக் கடைகள் முழுக் கூலி கொடுப்பதால், மேஜையில் பரிமாறுகிறவர் நிலைமையும் காபி கவுண்டரில் நிற்பவர் நிலைமையும் ஒன்றல்ல. பிரான்சில் விலைப்பட்டியலில் உள்ள விலைக்குள்ளேயே சேவைக் கட்டணம் அடங்கிவிடும். ஜப்பானில் மேஜையில் காசை வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடி வந்து கொடுப்பார்கள், அங்கே கொடுக்காமல் இருப்பதுதான் மரியாதை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, டிப்ஸ் முழுவதையும் பிடித்தம் இல்லாமல் முதலாளி ஊழியர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும், அதுவும் அடுத்த மாதம் முடிவதற்குள்.

ஆக, செய்ய வேண்டியது இரண்டு. பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், ஏறியிருந்தால் அதற்கு மேல் நீங்கள் கடன்பட்டவர் இல்லை. அப்புறம், கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, "கார்டில் போட்டால் உங்களுக்கு வருமா, டப்பாவில் போடட்டுமா?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். என்னிடம் இப்படிக் கேட்டவர்கள் மொத்தமே நாலைந்து பேர்தான் இருப்பார்கள், நாலைந்து பேரின் முகமும் இன்னும் நினைவில் இருக்கிறது. பதில் மழுப்பலாக வந்தால் சில்லறையை டப்பாவில் போடுங்கள்.

சரி, எவ்வளவு? டிப்ஸ் வழக்கம் உள்ள ஊரில், வெறும் கறுப்புக் காபியை ஊற்றி மூடி போட்டுக் கொடுத்தால் எதுவும் கொடுக்காவிட்டாலும் தப்பில்லை. பால் நுரைத்துக் கொடுக்கும் பானம் என்றால் அந்த ஊரில் புழங்கும் பெரிய நாணயம் ஒன்று, நாணயம் புழங்காத ஊரில் மிகச் சின்ன நோட்டு ஒன்று, தாராளமாகப் போதும். கொஞ்சம் கூடவே கொடுக்க வேண்டிய இடங்களும் உண்டு: அலுவலகத்துக்குப் பன்னிரண்டு பானம் ஒரே ஆர்டராகச் சொல்கிறீர்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி; ஒரே ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மடிக்கணினியோடு மூன்று மணி நேரம் மேஜையைப் பிடித்திருக்கிறீர்கள்; இயந்திரத்தைக் கழுவி முடித்த பிறகு, கடை மூட ஐந்து நிமிஷம் இருக்கும்போது உள்ளே வருகிறீர்கள்; உங்கள் குழந்தை சாக்லேட் பானத்தைத் தரையெல்லாம் கொட்டிவிட்டது. தினமும் வருகிறவர் தினமும் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை, வாரத்துக்கு ஒரு நாள் ஒரு நோட்டாகப் போட்டால் சரியாகிவிடும்.

கொடுக்கப் போவதில்லையா, பொத்தானை அழுத்திவிட்டு "நன்றி" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், முடிந்தது. காரணம் சொல்லாதீர்கள். 'டிப்ஸ் கலாசாரமே தப்பு' என்று கல்லாவில் நிற்பவரிடம் சொற்பொழிவு ஆற்றுவதில் பயன் இல்லை, அந்தத் திரையை மாற்றும் கடவுச்சொல் அவரிடம் கிடையாது.

டிப்ஸைத் தண்டனையாகப் பயன்படுத்துவது இன்னொரு வீண் வேலை. காபிக் கடையில் பெரும்பாலும் குடிப்பதற்கு முன்னாலேயே காசு கொடுத்துவிடுகிறோம், பிறகு அது எப்படி மதிப்பெண் ஆகும்? சாப்பிட்டு முடித்துக் கொடுக்கிற உணவகங்களிலேயே, சேவையின் தரத்துக்கும் டிப்ஸ் தொகைக்கும் உள்ள தொடர்பு மிகவும் பலவீனமானது என்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் ஆய்வுகளில் கண்டிருக்கிறார். தவிர டப்பாவில் விழுவது எல்லாருக்கும் பங்காகிறது, உங்கள் காபியைக் கெடுத்தவருக்குச் சேதி போகாது, பின்னால் கோப்பை கழுவுகிறவருக்குத்தான் குறையும். காபி சரியில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள்: "இது கொஞ்சம் ஆறியிருக்கு, மாத்தித் தர முடியுமா?" பாதி குடித்த பிறகு வேண்டாம், முதல் மடக்கிலேயே சொல்லுங்கள். போனில் பேசிக்கொண்டே ஆர்டர் சொல்வது, நாணயத்தை நீட்டிய கையில் வைக்காமல் கவுண்டரில் எறிவது, காஃபின் நீக்கியது வேண்டும் என்பதைக் கோப்பை கைக்கு வந்த பிறகு சொல்வது, இவை மூன்றையும் விட்டுவிட்டீர்கள் என்றால் டிப்ஸ் கொடுக்காவிட்டாலும் உங்களை நல்ல வாடிக்கையாளர் என்றுதான் சொல்வோம்.

உள்ளே நிற்கப் போகிறவருக்கு

வேலைக்குச் சேரும்போதே டிப்ஸை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை, முதல் வேலையில் எட்டு வாரம் கழித்துத்தான் கார்டில் வரும் டிப்ஸும் எங்களுக்கு உரியது என்பதே தெரிந்தது. கேட்க வேண்டியவை இவை: வாரம் ஒரு முறையா, மாதம் ஒரு முறையா, மணிக் கணக்கிலா, ஷிப்ட் கணக்கிலா, கார்டு டிப்ஸ் சம்பளச் சீட்டில் தனி வரியாக வருமா, மேலாளர் பங்கு எடுக்கிறாரா, கல்லாவில் காசு குறைந்தால் இதிலிருந்து பிடிப்பார்களா. கடைசி இரண்டுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்தால் அந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். அமெரிக்காவில் 2018-இல் வந்த திருத்தத்தின்படி முதலாளியோ மேலாளரோ ஊழியர்களின் டிப்ஸை எடுத்துக்கொள்ளக் கூடாது. சின்னப் பொறுப்பில் இருப்பவர்கள் விஷயத்தில் இன்னும் சிக்கல். ஸ்டார்பக்ஸ் வழக்கில் 2013-இல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் கோடு போட்டது: வாடிக்கையாளருக்குச் சேவை செய்வதையே முக்கிய வேலையாகக் கொண்ட ஷிப்ட் மேற்பார்வையாளர் மாதிரியானவர் பங்கு பெறலாம், மற்ற ஊழியர்கள் மேல் கணிசமான அதிகாரம் உள்ளவர் பெறக் கூடாது.

மணிக் கணக்கில் பிரிப்பதுதான் இருப்பதில் நியாயமானது. வாரத்தில் டப்பாவும் கார்டும் சேர்ந்து 240 வந்தது, எல்லாருமாகச் சேர்ந்து வேலை செய்தது 120 மணி என்றால் மணிக்கு 2, நீங்கள் 25 மணி நின்றிருந்தால் உங்களுக்கு 50. இதை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஆளுக்கு ஆள் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் முறை காபிக் கடைக்கு ஆகவே ஆகாது, கல்லாவில் நிற்பவர் எல்லாவற்றையும் அள்ளுவார், நீராவிக் குழாயில் கையைச் சுட்டுக்கொள்கிறவருக்கு ஒன்றும் இராது, பத்து நாளில் சண்டை வரும். டப்பாவை எண்ணும்போது எப்போதும் இரண்டு பேர் இருங்கள். வரிசையில் ஆள் நிற்கும்போது எண்ணாதீர்கள்.

காலையில் காலி டப்பாவை வைக்காமல் இரண்டு மூன்று நாணயமும் ஒரு நோட்டும் போட்டு வைப்பது எல்லாக் கடையிலும் நடக்கிற சின்னத் தந்திரம்தான். இரண்டு டப்பா வைத்து 'பூனையா, நாயா' என்று ஓட்டுப் போட வைப்பதும் நன்றாக வேலை செய்யும், ஆனால் வாரம் ஒரு முறை கேள்வியை மாற்றினால்தான். திரையைத் திருப்பும்போது "ஒரு கேள்வி கேட்கும், அழுத்திடுங்க" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்து நீராவிக் குழாயைத் துடையுங்கள். கூரையைவிட அது இயல்பாக இருக்கும், எப்படியும் ஒவ்வொரு தடவை பால் நுரைத்த பிறகும் துடைக்க வேண்டிய குழாய்தானே.

இனி வேலையைப் பற்றி. கூட்ட நேரத்தில் ஆளுக்குக் கோபம் வருவது தாமதத்தால் என்று நினைப்போம், பாதிக்கு மேல் அப்படி இல்லை, தன்னை யாரும் பார்க்கவே இல்லையே என்பதால்தான் வருகிறது. ஒரு எஸ்பிரெசோ இறங்க 25 முதல் 30 வினாடி ஆகும், அந்த இடைவெளியில் தலையைத் தூக்கி அடுத்து நிற்பவரைப் பார்த்து "ஒரு நிமிஷம், வந்துட்டேன்" என்று சொல்ல முடியும். இதை நான் கற்றுக்கொள்ளவே ஆறு மாதம் ஆனது, அதற்குப் பிறகு கத்தல் பாதியாகக் குறைந்துபோனது. ஆர்டரைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். பாலை 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் நிறுத்தினால் இனிப்பு நிற்கும், 70-ஐத் தாண்டினால் காய்ந்த வாடை வர ஆரம்பிக்கும், ஆனாலும் 'கொதிக்கக் கொதிக்க வேண்டும்' என்று கேட்டால் கொடுத்துவிடுங்கள், அவர் காசு, அவர் நாக்கு. பாதாம் பால் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். ஒவ்வாமை இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதே ஜக்கை அலசிப் பயன்படுத்தாமல் தனி ஜக்கை எடுங்கள், குழாயைச் சுத்தமான துணியால் துடைத்து நீராவியை ஒரு தடவை வெளியே விடுங்கள், சந்தேகமாக இருந்தால் "எங்களால் உறுதி சொல்ல முடியாது" என்று நேராகவே சொல்லிவிடுங்கள்.

தப்பான காபி திரும்பி வந்தால் வாதாடாதீர்கள். அவர் சொன்னது வேறு, இப்போது மாற்றிச் சொல்கிறார் என்று உங்களுக்கு நூறு சதவீதம் தெரிந்தாலும்கூட. புதிதாகப் போட ஒரு பிடி கொட்டையும் கொஞ்சம் பாலும்தான் செலவு, வாதத்துக்கு மொத்த வரிசையும் செலவாகும். கோபமாக வருகிறவரை முழுசாகப் பேச விடுங்கள், அவர் சொன்னதை ஒரு வரியில் திருப்பிச் சொல்லுங்கள், என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை நிமிஷம் ஆகும் என்று சொல்லுங்கள். 'சாரி' ஒரு தடவை போதும், ஐந்தாவது தடவை சொல்லும்போது நமக்கே அது எரிச்சலாகக் கேட்கும். கெட்ட வார்த்தை வந்தால் மட்டும் இந்த வழி பொருந்தாது, ஒரு அடி பின்னால் போய் மேலாளரைக் கூப்பிடுங்கள், அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

சிரித்துக்கொண்டே இருப்பதும் உழைப்புதான், சமூகவியலில் அதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்றே பெயர். எட்டு மணி நேரம் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் யாரிடமும் பேசப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கு உண்டு. அதனால் டிப்ஸுக்காகச் சிரிப்பைக் கூட்டாதீர்கள், தாங்காது. குறிப்பாக, பெரிய நோட்டைக் கொடுத்துவிட்டுப் போன் எண் கேட்கிறவர், ஷிப்ட் எப்போது முடியும் என்று விசாரிக்கிறவர், நோட்டிலேயே எண்ணை எழுதி நீட்டுகிறவர், இவர்களுக்கு நீங்கள் எதுவும் திருப்பித் தர வேண்டியதில்லை. நோட்டு டப்பாவுக்குப் போகட்டும். கூட வேலை செய்கிறவரிடம் உடனே சொல்லிவிடுங்கள், அந்த ஆள் மறுபடி வரும்போது கல்லாவில் வேறு ஒருவர் நிற்பார்.

கடைசியாக ஒரு சின்னப் பழக்கம். ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் தேதி, எத்தனை மணி நேரம், டப்பாவில் எவ்வளவு, கார்டில் எவ்வளவு என்று போனில் ஒரு வரி எழுதி வையுங்கள். கைக்கு வந்த பங்கு குறைவாக இருக்கிறதே என்று தோன்றும் நாளில், 'ஏதோ குறையுற மாதிரி இருக்கு' என்று இழுக்காமல், மூன்று வாரத்து எண்ணை மேஜையில் வைத்துக் கேட்கலாம். முதலில் வாயால், பிறகு எழுத்தில். எழுத்துக்கும் பதில் வரவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போகவும் அதே கணக்குதான் வேண்டும்.