நிச்சயதார்த்த மோதிரத்துக்குச் சதுர வைரம்: எதைப் பார்த்து எடுப்பது?

தம்பிக்கு நிச்சயம் முடிவானதும் பெண்ணிடம் என்ன மாதிரி மோதிரம் வேண்டும் என்று கேட்டேன். "சதுரக் கல்லா இருந்தா போதும்க்கா" என்றாள். அரை மணி நேர வேலை என்று நினைத்து மூவருமாகச் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்குப் போனோம். கடைக்காரர் கறுப்புத் தட்டில் நான்கு கற்களை வரிசையாக வைத்தார். நான்கும் சதுரம்தான், ஆனால் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. அன்று வெறுங்கையோடு தேக்காவில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். அடுத்த மூன்று சனிக்கிழமைகளில் கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

படி 1: நான்கு பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிரின்சஸ்: நான்கு மூலைகளும் கூராக இருக்கும் சதுரம். 1980 வாக்கில் பரவத் தொடங்கிய வெட்டு. பளபளப்பில் வட்டக் கல்லுக்கு அருகில் வரும், விலையோ அதைவிடக் குறைவு. காரணம் எளிது. பட்டை தீட்டாத நல்ல வைரம் இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியது போல இருக்கும். நடுவில் அறுத்தால் இரண்டு பிரின்சஸ் கிடைத்துவிடும், கல் அதிகம் வீணாகாது.

ரேடியன்ட்: 1977-இல் ஹென்றி கிராஸ்பார்ட் உருவாக்கியது, 70 பட்டைகள். மூலைகள் சற்றே வெட்டப்பட்டிருக்கும். செவ்வகமாகவும் வரும், அதனால் 'சதுர ரேடியன்ட்' என்று சொல்லியே கேளுங்கள்.

குஷன்: மூலைகள் உருண்ட தலையணை வடிவம். 'ஓல்டு மைன்' என்ற பழங்கால வெட்டின் வாரிசு. இதிலேயே இரண்டு சாதி உண்டு. ஒன்றில் பெரிய பெரிய பட்டைகள், ஒளி கட்டி கட்டியாக மின்னும். மற்றொன்றில் பொடித்த ஐஸ் போலச் சின்னச் சின்னதாய் மினுக்கும்.

ஆஷர்: 1902-இல் ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் ஆஷர் வடிவமைத்தது. பிரிட்டிஷ் அரச மணிமுடிக்குப் போன கல்லினன் வைரத்தை 1908-இல் பிளந்ததும் இதே ஆஷர் நிறுவனம்தான். மூலைகள் அகலமாக வெட்டப்பட்டு ஏறக்குறைய எண்கோணமாகத் தெரியும். பட்டைகள் படிக்கட்டு போல இறங்கும். மேலிருந்து பார்த்தால் கோயில் தெப்பக்குளத்தை எட்டிப் பார்ப்பது போலச் சதுரத்துக்குள் சதுரம்.

படி 2: மினுமினுப்பா, ஆழமா?

உண்மையில் இங்கே இரண்டே கட்சிகள். பிரின்சஸ், ரேடியன்ட், குஷன் மூன்றும் ஒளியைச் சிதறடிப்பவை. ஆஷர் மட்டும் கண்ணாடி போல: கை அசையும்போது ஒரு பட்டை மொத்தமாக வெளிச்சம் அடித்து அணையும். எது பிடிக்கிறது என்பது மோதிரம் போடுபவர் கண்ணைப் பொறுத்தது, அதில் சரி தவறு கிடையாது. எனக்கு ஆஷர்தான். கடைசிவரை என் பேச்சு எடுபடவில்லை என்பது வேறு கதை.

கடையின் விளக்குக்குக் கீழே முடிவு செய்யாதீர்கள். அங்கே எந்தக் கல்லும் மின்னும். ஐந்தடி நடைபாதைப் பக்கம், வாசலருகே, பகல் வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் கையால் நிழல் கட்டிப் பாருங்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் மாலை ஏழு மணிக்கு அந்தக் கல் எப்படி இருக்கும் என்பது அப்போது ஓரளவு தெரியும்.

படி 3: அந்தக் கை என்ன வேலை செய்கிறது?

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வைரம் எளிதில் கீறாது, ஆனால் உடையும். பிரின்சஸின் கூர்மூலைதான் அதன் பலவீனமான இடம். அதனால் நான்கு மூலைகளிலும் 'வி' வடிவப் பிடிகள் வைத்துக் கட்ட வேண்டும். மூலையில் வெடிப்போ, கல்லுக்குள்ளேயே உள்ள பெரிய குறைப் புள்ளியோ இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

எங்கள் வீட்டுக்கு வரப்போகிறவள் தாதி. ஒரு நாளைக்கு எத்தனை முறை கையுறை மாட்டிக் கழற்றுவாள் என்று அவளுக்கே கணக்கில்லை. மூன்றாவது சனிக்கிழமை கைப்பையில் ஒரு கையுறையைக் கொண்டுவந்து, ஒவ்வொரு மாதிரி மோதிரமாகப் போட்டு மேலே இழுத்துப் பார்த்தாள். பிரின்சஸ் இரண்டு முறை மாட்டியது. தாழ்வாகக் கட்டிய ரேடியன்ட் வழுக்கிக்கொண்டு போனது. அத்தோடு வாக்குவாதம் முடிந்தது. கணினி முன்னால் உட்காரும் வேலை என்றால் இந்தக் கவலை பாதியாகிவிடும்.

படி 4: காரட்டை மறந்து மில்லிமீட்டரைக் கேளுங்கள்

ஒரு காரட் என்பது 0.2 கிராம் எடை, அளவு அல்ல. ஒரு காரட் வட்டக் கல் சுமார் 6.5 மி.மீ. விட்டம் இருக்கும். அதே எடையுள்ள பிரின்சஸின் பக்கம் ஏறத்தாழ 5.5 மி.மீ.தான், மீதி எடை அடியில் ஒளிந்திருக்கும். மூலைக்கு மூலை அளந்தால் 7.8 வரை வரும் என்பதால் விரலில் அப்படிச் சின்னதாகத் தெரியாது. நீளத்தை அகலத்தால் வகுத்துப் பாருங்கள். 1.05-க்குள் இருந்தால் கண்ணுக்குச் சதுரம். அதைத் தாண்டினால் செவ்வகச் சாயல் வந்துவிடும்.

படி 5: சான்றிதழைப் படியுங்கள்

ஜிஐஏ என்பது வைரங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் அமெரிக்க நிறுவனம். அதன் அறிக்கையில், குஷனைத் தவிர மற்றக் கடைப்பெயர்கள் இருக்காது. பிரின்சஸுக்கு 'ஸ்கொயர் மாடிஃபைட் பிரில்லியன்ட்', ஆஷருக்கு 'ஸ்கொயர் எமரால்டு', சதுர ரேடியன்டுக்கு 'கட் கார்னர்டு ஸ்கொயர் மாடிஃபைட் பிரில்லியன்ட்' என்று போட்டிருப்பார்கள். ஏமாற்றுகிறார்களோ என்று பதற வேண்டாம், நான் பதறினேன்.

வட்டக் கல்லுக்குத் தருவது போல வெட்டுத் தரம் சதுரக் கற்களுக்கு அதில் இருக்காது. "எக்ஸலன்ட் கட்" என்று கடைக்காரர் சொன்னால் அது மெருகையும் சமச்சீரையும் பற்றியதா என்று திருப்பிக் கேளுங்கள். வெட்டின் அழகுக்கு உங்கள் கண்தான் நீதிபதி.

புள்ளிகள் விஷயத்தில் ஆஷர் எதையும் மறைக்காது. அறிக்கையில் உள்ள தெளிவுத் தரத்தில் விஎஸ்1-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. மற்ற மூன்றில் மினுமினுப்பு பலதை மூடிவிடும், புள்ளி கண்ணுக்குத் தெரியாவிட்டால் அதைவிடக் குறைந்த எஸ்ஐ1 தரம் கூடப் பரவாயில்லை. ஆய்வகத்தில் வளர்த்த கல்லா என்பதையும் அறிக்கையில்தான் பார்க்க வேண்டும். லூப் (நகைக்காரரின் உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

படி 6: தங்கமும் விலையும்

"916 இல்லாமல் என்ன தங்கம்?" என்று அம்மா கேட்பார். எங்கள் அம்மாவும் கேட்டார். 916 என்பது 22 காரட் (தங்கத்தில் காரட் என்பது எடை அல்ல, தூய்மை), அது மென்மையானது. நாலு மெல்லிய பிடிகளில் கல்லைத் தாங்க 18 காரட்டோ பிளாட்டினமோதான் ஏற்றது. மஞ்சள் தங்கம் என்றால் லேசான மஞ்சள் சாயல் உள்ள கல்லும் உறுத்தாது, அங்கே கொஞ்சம் காசு மிச்சம்.

விலையில் 9% பொருள் சேவை வரி சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். 5,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) அது 450 வெள்ளி.

படி 7: விரல் அளவு

குளிரூட்டிய கடைத்தொகுதியில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு அளவு கொடுக்காதீர்கள். விரல் சுருங்கியிருக்கும். வெளியே நம் ஊர் வெயிலுக்கு வந்ததும் மோதிரம் இறுகும். வெயிலில் கொஞ்சம் நடந்துவிட்டு, மாலையில் அளந்துகொள்ளுங்கள். மோதிரம் தயாரானதும் கல்லின் இடுப்பில் (சுற்று விளிம்பில்) லேசரில் பொறித்த எண் இருந்தால் லூப் வழியாகக் காட்டச் சொல்லி, அறிக்கையில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.